வாய்தா

பதினோரு மணிக்கே காரின் கதவு தொட முடியாமல் கொதித்தது.
வாலாஜா தாண்டி, வேலிகாத்தான் வெட்டிய மனைகளுக்கு
லின்னைக் கூட்டி வந்தார்கள்.
கூடவே என்னை,
அவர் வாய்க்கும் அதிகாரிகள் காதுக்கும் நடுவே
ஒரு குழாய் போல.

ஆம்பூர் ஷூ கம்பெனியின் சாம்பிள் அறையில்
தைவான் மேஸ்திரிகளிடம் ஒன்பது வருஷம்
திட்டு வாங்கிச் சேர்த்த சீனம் என்னுடையது.
‘மறுபடி செய்’ முதலில் வந்தது.
அப்புறம் ‘தையல் கோணல்.’
‘விலை’ கடைசியாகத்தான் கிடைத்தது.

சின்னப் பச்சை நோட்டில் கேள்விகள் வைத்திருந்தார்.
மின்சாரம் மாதத்தில் எத்தனை மணி நேரம் போகும்?
அனுமதிக்கு எத்தனை மேஜை?

‘ஒரே மேஜை சார், ஒற்றைச் சாளரம்’
என்றார் மேலாளர் தண்டபாணி.
சாளரத்துக்கு என்னிடம் சொல் இருந்தது.
அதன் அடியில் நீளும் கைக்கும் இருந்தது.
யாரும் கேட்கவில்லை.

லாபத்தை வெளியே கொண்டுபோக
யார் கையெழுத்து வேண்டும்?
நஷ்டமென்றால் எத்தனை மாதத்தில் மூடலாம்?

பெண் பார்க்க வந்த இடத்தில்
அத்துவிடுவதைப் பற்றி விசாரிக்கிறாரே என்று
எனக்குக் காது சுட்டது.
கொஞ்சம் கழித்துத் தோன்றியது,
வெளியேறும் வழி தெரியாத வீட்டில்
யார்தான் செருப்பைக் கழற்றுவார்.

நோட்டு காற்றில் புரண்டது.
வேறு இரண்டு நாடுகளின் பக்கங்கள்,
அடிக்கோடு போட்டு, நிரம்பி.
எங்கள் பக்கத்தில் இன்னும் இடமிருந்தது.

ஆறாவது கேள்வி:
நிலத்திலோ ஒப்பந்தத்திலோ தகராறு வந்தால்
உங்கள் கோர்ட் எத்தனை நாளில் தீர்க்கும்?

தண்டபாணி சிரித்தார்.
‘சீக்கிரம்னு சொல்லும்மா.’

அவர் தோளுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர்.
அது நிற்பது எங்கள் ஒன்றேகால் ஏக்கரில்.
முதல் கட்டத்துக்கு எடுத்தபோது நான் ஏழாவது.
சென்ட்டுக்குக் கூடுதல் கேட்டுப் போட்ட வழக்கு
மூன்று வக்கீல் பார்த்துவிட்டது.
முதல் வக்கீல் செத்து
இப்போது அவர் பையன் ஆஜராகிறான்.
போன வாரமும் மஞ்சப்பையைச் சுருட்டியபடி
அப்பா வந்து உட்கார்ந்தார்:
‘ஜட்ஜி மாறிட்டாராம். இனிமே ஆடிக்கு அப்பால தான்.’
‘இன்னா சொன்னாங்க?’ என்றாள் அம்மா.
‘அதான் சொன்னாங்க.’

சீக்கிரம்.
சீனத்தில் அது ஓரசை.
குரல் மேலிருந்து கீழே விழுந்து முடியும்,
கல்லைக் கிணற்றில் போடுகிற மாதிரி.

பெயர்ப்பவள் ‘நான்’ என்று பேச வேண்டும்,
அடுத்தவரின் நானாக.
காலையிலிருந்து அப்படித்தான் பேசினேன்.
அந்த ஒரு தரம் மட்டும்
‘சீக்கிரம் என்கிறார் இவர்’ என்றேன்.

லின் என்னைப் பார்த்தார்.
டிரான்ஸ்ஃபார்மரை, ஏனோ, பார்த்தார்.
நோட்டில் எதுவும் எழுதாமல்
பேனாவை மூடினார்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

வந்தார். மாசியில் பூமிபூஜை, ஆவணியில் கூரை.
என் தம்பி மனைவி கனகாம்பிகைக்கு
மேல்தோல் ஒட்டும் லைனில் வேலை.
பதினாலாயிரம், பி.எஃப். பிடித்தம் போக.
விடிகாலை ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ்.
தன் பெயரில் பாஸ்புக் வந்த அன்று
ஆற்காடு மக்கன்பேடா வாங்கி வந்தாள்.
அப்பா இரண்டு சாப்பிட்டார்.
கிணற்றுத் தண்ணீரைத்தான் இப்போது யாரும் குடிப்பதில்லை.
அது லின் வருவதற்கு முன்பே மஞ்சள்.

கையெழுத்துக்கு முந்தின நாள்
வேலூர் ஓட்டல் அறையில்
ஒப்பந்தத்தை வரிவரியாக
லின்னுக்கு வாய்விட்டுச் சொன்னவள் நான்தான்.
முப்பத்தோராவது பிரிவு:
தகராறு எதுவாயினும்
சிங்கப்பூரில் தீர்த்துக்கொள்ளப்படும்.
ஆறு மாதத்துக்குள்.

‘இன்னொரு தரம் சொல்லுங்கள்’ என்றார்.
சொன்னேன்.
இந்த முறை நன்றாகவே வந்தது,
ஒரு சொல்லும் கோணாமல்.

அரை நாள் கூலி அறுநூறு.
அப்பாவின் வாய்தாவுக்கு
வக்கீல் பையன் கேட்டிருந்தது ஆயிரம்.